ஆட்சியை எதிர்க்கும் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அதிகாரத்துக்கு எதிராக வரைந்தவர்கள், செதுக்கியவர்கள், தைத்தவர்கள், சுவரில் ஒட்டியவர்கள் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உலகம் முழுக்க உள்ள எல்லோரையும் சேர்க்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த சில ஆட்களையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசுகிறேன்.

எதிர்ப்பு ஓவியம் என்றால் கோபத்தோடு வரைந்த படம் என்றுதானே அர்த்தம்?

கோபம் இருக்கும், ஆனால் அதை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். ஒரு படம் எத்தனை பிரதி ஆனது, யார் அச்சடித்தார்கள், யார் கடையில் தொங்கவிட்டார்கள், எந்தப் பையில் எந்த எல்லையைத் தாண்டியது என்று கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் அரசுகள் எதைக் கண்டு பயந்தன என்று தெரியவரும். வீட்டுக்குள் மாட்டிய ஒற்றைக் கேன்வாஸுக்காக ஆட்களைப் பிடித்ததைவிட, நாலணாவுக்குத் தெருவில் கிடைத்த அச்சுப் படத்துக்காகப் பிடித்ததுதான் வரலாற்றில் அதிகம்.

பிக்காசோவின் 'குவெர்னிகா' எல்லோருக்கும் தெரியும். 1937 ஏப்ரல் 26-ல் வட ஸ்பெயினில் பாஸ்க் மக்கள் வாழும் அந்த ஊரின் மேல் ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டதைத் தொடர்ந்து வரைந்தது, கிட்டத்தட்ட ஏழே முக்கால் மீட்டர் அகலம். ஆனால் அதே ஆண்டில் அவர், குடியரசுக்கு எதிராகக் கிளம்பிய ராணுவத் தலைவர் பிராங்கோவைக் கேலி செய்து சின்னச் சின்னக் கட்டங்களாக எட்சிங் (உலோகத் தகட்டில் கீறி, அமிலத்தால் அரித்து அச்சடிக்கும் முறை) செய்து, ஸ்பெயின் குடியரசுக்கு நிதி திரட்ட விற்கக் கொடுத்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நான் இந்தப் பக்கம் முழுக்கப் பேசப்போவது பெரும்பாலும் இரண்டாவது வகையைப் பற்றி.

ராஜாவைப் பேரிக்காயாக வரைந்ததற்காக ஜெயிலுக்குப் போனார்களாமே, உண்மையா?

உண்மை. 1830 ஜூலைப் புரட்சியில் பாரிஸ் மக்கள் ஒரு மன்னனை விரட்டிவிட்டு லூயி பிலிப்பை உட்கார வைத்தார்கள். பத்திரிகைச் சுதந்திரம் தருவதாகச் சொல்லித்தான் அவர் வந்தார். அதே ஆண்டு நவம்பரில் ஷார்ல் பிலிப்போன் என்பவர் 'லா கரிகாத்யூர்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். ஒரு வருஷத்துக்குள் மன்னரை அவமதித்ததாக வழக்கு வந்தது. 1831 நவம்பரில் நீதிமன்றத்தில் பிலிப்போன் எடுத்துவைத்த வாதம் நாலு கோட்டோவியங்கள். முதல் படம் மன்னரின் முகம். இரண்டாவதில் கன்னம் கொஞ்சம் தொங்குகிறது, மூன்றாவதில் இன்னும் கொஞ்சம், நாலாவதில் வெறும் பேரிக்காய். முதல் படம் குற்றம் என்றால் கடைசியும் குற்றம், அப்படியானால் பிரான்சில் காய்க்கிற எல்லாப் பேரிக்காய் மேலும் வழக்குப் போட வேண்டும் என்பதுதான் வாதத்தின் சாரம். தண்டனை கிடைத்தது, ஆறு மாதச் சிறையும் 2,000 பிராங்க் அபராதமும்.

ஆனால் அந்த நாலு படங்களையும் அவர் பத்திரிகையில் போட்டார். அப்புறம் பாரிஸில் யாருக்கும் ஓவியப் பயிற்சி தேவைப்படவில்லை. கரித்துண்டு கிடைத்த சிறுவன்கூட மூன்று கோடு இழுத்து மன்னரைச் சுவரில் வரைந்துவிட முடிந்தது. இதுதான் எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படுகிறது: பிலிப்போன் ஊருக்கே வரையக் கற்றுக்கொடுத்துவிட்டார். பிலிப்போனின் அடுத்த பத்திரிகையான 'ல ஷாரிவாரி' தன் மேல் வந்த தீர்ப்பை 1834-ல் அப்படியே அச்சிட்டது, எழுத்துகளைப் பேரிக்காய் வடிவத்தில் கோத்து.

அதில் தோமியே எங்கே வருகிறார்?

ஓனோரே தோமியே பிலிப்போனிடம் வேலை செய்த இளைஞர், அப்போது வயது 23. 1831 டிசம்பரில் அவர் 'கார்கன்துவா' என்ற படம் வரைந்தார், பிரெஞ்சுக் கதையில் வரும் பெருந்தீனி ராட்சதனின் பெயர் அது. பேரிக்காய்த் தலை மன்னர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வாயிலிருந்து தரைவரை ஒரு பலகை இறங்குகிறது. அந்தப் பலகையில் ஏறிக் கூலியாட்கள் கூடை கூடையாக ஏழைகளின் காசைக் கொண்டுபோய் வாயில் கொட்டுகிறார்கள். மறுபக்கம், அந்த நாற்காலி மலம் கழிக்கும் நாற்காலி என்பதால், கீழே பதவிகளும் பதக்கங்களுமாக விழுகின்றன, அவற்றைப் பொறுக்க ஒரு கூட்டம் நிற்கிறது.

இதற்கு ஆறு மாதச் சிறை, 500 பிராங்க் அபராதம். படத்தை அச்சடித்தவரையும் விற்றவரையும் சேர்த்தேதான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். 1832 ஆகஸ்டில் தோமியேயை சாந்த்-பெலாஜி சிறையில் அடைத்தார்கள்.

அந்தக் காலத்தில் எப்படி அவ்வளவு வேகமாகப் படங்களை அச்சடித்தார்கள்?

கல்லச்சு. 1790-களின் கடைசியில் பவேரியாவில் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புள்ள மையாலோ கிரேயானாலோ வரைய வேண்டியதுதான். கல்லை நனைத்தால் வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அச்சு மை வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். முன்பெல்லாம் ஓவியர் வரைந்ததைச் செதுக்க வேறொருவர் வேண்டும், நாள்கணக்கில் ஆகும். கல்லச்சில் ஓவியரின் கைக்கோடே நேராகத் தாளில் வந்துவிடும், நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் கல்தான் எல்லாம் என்பதால் போலீஸ் கல்லைக் கைப்பற்றிவிட்டால் கதை முடிந்தது.

கேலி செய்யாமல் எதிர்க்க முடியாதா?

முடியும், தோமியேயே செய்து காட்டினார். 1834 ஏப்ரலில் பாரிஸில் கலகம். டிரான்ஸ்னோனான் தெருவில் ஒரு கட்டடத்திலிருந்து யாரோ சுட்டார்கள் என்று ராணுவம் உள்ளே புகுந்து, படுக்கையில் கிடந்தவர்களையும் சேர்த்துக் கொன்றது. தோமியேயின் படத்தில் சிப்பாய் ஒருவர்கூட இல்லை, துப்பாக்கி இல்லை. ஒரு படுக்கையறை. இரவு உடையோடு ஒரு ஆள் கட்டிலிலிருந்து சரிந்து கிடக்கிறார், அவர் உடம்புக்கு அடியில் ஒரு குழந்தை நசுங்கிக் கிடக்கிறது. இடப்பக்க இருட்டில் ஒரு பெண்ணின் உடல், வலது ஓரத்தில் ஒரு முதியவரின் தலை. கவிழ்ந்த நாற்காலி. தலைப்பாக அவர் எழுதியது தெருப் பெயரும் தேதியும் மட்டும்: டிரான்ஸ்னோனான் தெரு, 1834 ஏப்ரல் 15.

எந்த வசையும் இல்லாத இந்தப் படம் கார்கன்துவாவைவிட அரசுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். கேலிப்படம் மிகைப்படுத்தியது என்று சொல்லித் தப்பிக்கலாம், இதை அப்படிச் சொல்ல வழியில்லை, ஒரு அறையைத்தானே வரைந்திருக்கிறார். பிலிப்போன் தன் அபராதங்களைக் கட்டுவதற்காக மாதாமாதம் சந்தாதாரர்களுக்குப் பெரிய அளவில் ஒரு படம் அனுப்பும் ஏற்பாடு வைத்திருந்தார், அதற்காக வரைந்த படம் இது. கடை ஜன்னலில் வைத்ததும் கூட்டம் கூடியது. போலீஸ் வந்து கல்லையும் கையில் கிடைத்த தாள்களையும் கொண்டுபோனது. அதற்குள் வெளியே போய்விட்ட பிரதிகள்தான் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

எழுத்தைவிடப் படத்துக்கு ஏன் அரசுகள் அதிகம் பயப்படுகின்றன?

1835 செப்டம்பரில் பிரான்ஸ் கொண்டுவந்த சட்டமே இதற்குப் பதில் சொல்லிவிடுகிறது. மன்னரைக் கொல்ல ஜூலையில் நடந்த முயற்சியைக் காரணம் காட்டி அதைக் கொண்டுவந்தார்கள். எழுத்துக்கு முன்தணிக்கை கிடையாது, அரசியல் சாசனம் கருத்துச் சுதந்திரம் தந்திருக்கிறது என்றார்கள். படத்துக்கு மட்டும் முன்தணிக்கை உண்டு. படம் கருத்து வகையில் சேராது, அது ஒரு செயல் என்பது அரசுத் தரப்பு வாதம், ஏனென்றால் அது நேராகக் கண்ணோடு பேசுகிறது. படிக்கத் தெரியாதவனும் ஜன்னல் முன்னால் நின்று புரிந்துகொள்வான், பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துச் சிரிப்பான், அந்தச் சிரிப்பில் இரண்டு பேரும் ஒரு கட்சி ஆகிவிடுவார்கள். தலையங்கத்தை ஒவ்வொருவரும் தனியாகத்தான் படிக்கிறார்கள்.

'லா கரிகாத்யூர்' அந்த ஆகஸ்டிலேயே மூடப்பட்டது.

தணிக்கை வந்த பிறகு ஓவியர்கள் என்ன செய்வார்கள்?

தோமியே நேரடி அரசியலை விட்டு, ரொபேர் மக்கேர் என்ற மோசடிக்காரப் பாத்திரத்தை வைத்து வரிசையாகப் படங்கள் வரைந்தார்: போலிக் கம்பெனி நடத்துபவன், வக்கீல், டாக்டர் என்று அவன் எல்லா வேஷமும் போடுவான். மன்னர் பெயரே வராது, ஆனால் அந்த ஆட்சியில் யார் கொழித்தார்கள் என்று தெரிந்துவிடும்.

கோயா வேறு வழி போனார். நெப்போலியன் படை ஸ்பெயினில் நடத்திய போரையும் அதன் பஞ்சத்தையும், அப்புறம் திரும்பி வந்த ஸ்பானிய மன்னரின் அடக்குமுறையையும் 1810 முதல் பத்து வருஷம் செப்புத் தகடுகளில் செதுக்கி வைத்துக்கொண்டார், வெளியிடவில்லை. 1828-ல் இறந்தார், 1863-ல்தான் அந்தத் தொகுதி அச்சாகி வந்தது. பயந்துவிட்டார் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. தகடு பத்திரமாக இருந்ததால்தான் நாம் பார்க்கிறோம்.

நம் நாட்டில் 1975 நெருக்கடி நிலைக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அபு ஆபிரகாம் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழில் அந்த டிசம்பரில் போட்ட கார்ட்டூனில் குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் படுத்தபடியே ஒரு அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே நீட்டுகிறார், இன்னும் ஏதாவது சட்டம் இருந்தால் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள் என்கிறார். தணிக்கை அமலில் இருந்தபோதே இது அச்சில் வந்தது. அந்த ஆட்சி எப்படி நடந்தது என்பதற்குப் பெரிய விளக்கமெல்லாம் தேவைப்படாமல் செய்துவிட்ட படம்.

கேத்தே கோல்விட்ஸ் என்ற பெயர் இந்தப் பேச்சில் எப்போதும் வருகிறதே, யார் அவர்?

பெர்லினில் ஏழைகள் குடியிருந்த பகுதியில் டாக்டராக இருந்தவரின் மனைவி, அச்சுக் கலைஞர். கணவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களின் முகங்கள்தான் அவர் படங்கள். 1890-களில் சைலீசிய நெசவாளர் கலகத்தை வைத்து ஆறு படங்கள் செய்தார், மூன்று கல்லச்சு, மூன்று எட்சிங். 1898-ல் பெர்லின் பெருங்காட்சியில் நடுவர்கள் அதற்குத் தங்கப் பதக்கம் பரிந்துரைத்தார்கள். கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம் தர மறுத்துவிட்டார். 1919-ல் பிரஷ்யக் கலைக் கழகத்தில் உறுப்பினரான முதல் பெண், 1933-ல் நாஜிகள் வந்ததும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்.

ஆனால் அவர் பெயர் நம் பக்கம் வந்த வழியைத்தான் நான் சொல்ல ஆசைப்படுகிறேன். 1931 பிப்ரவரியில் ஷாங்காய் அருகே, அப்போது சீனாவை ஆண்ட தேசியவாதக் கட்சியான கோமிங்டாங்கின் அரசு இடதுசாரி எழுத்தாளர்கள் சிலரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் ஒருவர் எழுத்தாளர் லூ சுன்னின் நெருங்கிய நண்பர். அஞ்சலிக் கட்டுரை போட்டால் பத்திரிகை நிற்காது. எனவே லூ சுன் ஒரு இதழில் கோல்விட்ஸின் மரச்செதுக்குப் படம் ஒன்றை மட்டும் வெளியிட்டார்: ஒரு தாய் தன் குழந்தையை இரு கைகளாலும் ஏந்தி முன்னால் நீட்டுகிறாள். யாருக்கான அஞ்சலி என்று தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் ஷாங்காயில் இளைஞர்களுக்கு மரச்செதுக்குப் பயிற்சி வகுப்பு ஏற்பாடு செய்தார், ஒரு ஜப்பானிய ஆசிரியர் சொல்லிக்கொடுக்க, லூ சுன் மொழிபெயர்த்தார். ஒரு கத்தி, ஒரு பலகை, கொஞ்சம் மை போதும், அச்சகம்கூட வேண்டாம், தாளை வைத்துக் கையாலேயே தேய்த்து எடுத்துவிடலாம். சீனாவின் நவீன மரச்செதுக்கு இயக்கம் அங்கே தொடங்கியது, அந்த இளைஞர்களில் பலர் சிறைக்குப் போனார்கள்.

பெர்லினிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த இந்தப் படங்களைத்தான் 1940-களில் வங்கத்து இளம் கம்யூனிஸ்ட் ஓவியர்கள் பார்த்தார்கள்.

வங்கப் பஞ்சத்தை வரைந்த புத்தகத்தை எரித்தார்களே, அது என்ன கதை?

1943 வங்கப் பஞ்சத்தில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று கடலோர மாவட்டங்களிலிருந்து அரிசியையும் படகுகளையும் அரசு அப்புறப்படுத்தியிருந்தது. மேதினிப்பூரை 1942 அக்டோபரில் புயல் வேறு அடித்திருந்தது. விலை ஏறியபோது அதிகாரபூர்வமாகப் 'பஞ்சம்' என்று அறிவிக்கவே இல்லை, அறிவித்தால் பஞ்ச விதிகளின்படி நிவாரணம் கொடுத்தாக வேண்டும். போர்க்காலத் தணிக்கையும் இருந்தது. அந்த ஆகஸ்டில் 'தி ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை கல்கத்தாத் தெருக்களில் கிடந்த உடல்களின் போட்டோக்களைப் போட்ட பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

சித்தப்பிரசாத் பட்டாச்சார்யா என்ற ஓவியர், கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகைக்காக 1943 நவம்பரில் மேதினிப்பூர் மாவட்டத்துக்குப் போனார். கிராமம் கிராமமாக அலைந்தார். கறுப்பு மையில் ஸ்கெட்ச், கூடவே எழுத்தில் குறிப்பு. பல படங்களில் ஆளின் பெயரும் ஊரும் இருக்கும். பஞ்சத்தில் செத்தவர்கள் அரசாங்கக் கணக்கில் எண்ணாகக்கூடச் சரியாக வராத நேரத்தில் அவர் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார், இதைவிடப் பெரிய எதிர்ப்பு எனக்குத் தெரியவில்லை. படங்களும் குறிப்புகளும் சேர்ந்து 'பசித்த வங்கம்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு சிறு புத்தகமாக பம்பாயில் அச்சாயின. பிரிட்டிஷ் அரசு ஏறக்குறைய 5,000 பிரதிகளையும் பறிமுதல் செய்து எரித்தது.

ஒரு பிரதி மிஞ்சியது. ஓவியரின் குடும்பம் அதை வங்கிப் பெட்டகத்தில் வைத்துக் காப்பாற்றியது. அதிலிருந்துதான் 2011-ல் டெல்லி ஆர்ட் கேலரி மறுபதிப்புச் செய்தது.

அதே பஞ்சத்தை வரைந்த மற்றவர்கள்?

ஜைனுல் ஆபெதின். விலை மலிந்த தாளில் தூரிகையும் கறுப்பு மையும் கொண்டு கல்கத்தா நடைபாதைகளில் வரைந்தார்: எலும்பும் தோலுமாய்த் தாய், குப்பைத் தொட்டியில் காக்கையோடு போட்டிபோடும் பிள்ளைகள். பின்னாளில் டாக்காவில் கலைக் கல்லூரியை உருவாக்கியவர் அவர்தான்.

சோம்நாத் ஹோர் சித்தப்பிரசாத்தோடு பழகி ஸ்கெட்ச் போடக் கற்றவர். 1946-ல் வடக்கு வங்கத்தில் குத்தகை விவசாயிகள் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு தங்களுக்கே என்று போராடிய தேபாகா இயக்கத்துக்குப் போய், நாட்குறிப்பும் படமுமாகக் கொண்டுவந்தார். 1970-களில் அவர் செய்த 'காயங்கள்' வரிசையைப் பாருங்கள், காகிதக் கூழில் எடுத்த வெள்ளைத் தாள், மேலே வெள்ளையிலேயே கிழிசலும் வடுவும், ஆளே இல்லை. முப்பது வருஷம் கழித்தும் அந்த உடல்கள் அவர் கையை விடவில்லை.

தமிழில் இப்படி ஏதாவது உண்டா?

நிறையவே. முதலில் பாரதி. அவர் ஆசிரியராக இருந்த 'இந்தியா' வார இதழில் 1906-லிருந்து கருத்துப்படங்கள் வந்தன. தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கார்ட்டூனுக்கு அவர்தான் முன்னோடி. படத்துக்குக் கீழே நீளமாக விளக்கமும் வரும், ஏனென்றால் வாசகர்களுக்கு அந்த வடிவமே புதுசு. 1908-ல் அரசு ராஜத்துரோக வழக்குப் போட்டு, பதிவேட்டில் வெளியீட்டாளராக இருந்த சீனிவாசனைப் பிடித்தது. பாரதி புதுச்சேரிக்குப் போனார், பத்திரிகையும் அங்கே போய் 1910 வரை வந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் அச்சடித்ததை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுத்ததும் மூச்சு நின்றது. இங்கேயும் அரசு அடித்த இடம் பிரதி போகும் பாதைதான்.

அடுத்து 1987. 'ஆனந்த விகடன்' அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருக்கும் இரண்டு பேரில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்க, பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில் வரும். தமிழ்நாடு சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களிலேயே விடுதலை செய்தார்கள். அவர் வழக்கை விடவில்லை, 1994-ல் உயர் நீதிமன்றம் அந்தச் சிறைவாசம் தவறு என்று 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

மூன்றாவது, கோலம். 2019 டிசம்பர் 29 காலை சென்னை பெசன்ட் நகரில் சில பெண்களும் இளைஞர்களும் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று தெருவில் கோலம் போட்டார்கள். போலீஸ் சிலரைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சிறிது நேரம் வைத்திருந்து விடுவித்தது. மறுநாளே திமுக தலைவர்கள் வீடு உட்படப் பல வாசல்களில் அதே வாசகக் கோலம். பாரிஸ் பேரிக்காய்க்கு நடந்ததுதான் இங்கேயும்: மார்கழியில் எந்த வீட்டிலும் போடத் தெரிந்த ஒன்று, கோலமாவு எட்டணாச் சமாச்சாரம். ஒரு தெருவில் அழித்தால் இருபது தெருவில் வரும். எனக்கு இதுவும் ஓவிய வரலாற்றில் சேர வேண்டிய நிகழ்வுதான், அலங்காரம் என்று ஒதுக்க முடியாது.

ஈழத்தில்?

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் 'தோம்பு' வேலையை அவசியம் பாருங்கள். தோம்பு என்பது காணிப் பதிவேடு. போரில் வீடிழந்து இடம்பெயர்ந்த தமிழ், முஸ்லிம் மக்களிடம் போய், உங்கள் வீட்டை நினைவிலிருந்து வரையுங்கள் என்று கேட்டு, அந்தக் கைக்கோட்டுப் படங்களை அரசாங்கக் கோப்பு போலக் கட்டிய புத்தகமாக 2011-ல் கொண்டுவந்தார். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எங்கே என்று அவரவர் கையால் வரைந்தது. சத்தமே போடாத வேலை. அரசின் பதிவேட்டில் இல்லாமல் போன வீட்டை அரசின் பதிவேட்டு வடிவத்திலேயே திரும்பப் பதிந்துவைக்கிறது.

போட்டோவை வெட்டி ஒட்டினால் அது ஓவியமாகுமா?

ஜான் ஹார்ட்ஃபீல்டைப் பார்த்தபின் யாரும் இதைக் கேட்கமாட்டார்கள். ஜெர்மன்காரர், இயற்பெயர் ஹெல்முட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட். முதல் உலகப் போரில் நாடே இங்கிலாந்தின்மேல் வெறுப்பைக் கக்கிக்கொண்டிருந்தபோது வேண்டுமென்றே பெயரை ஆங்கிலப் பெயராக மாற்றிக்கொண்டார். 1932-ல் அவர் செய்த ஒரு படத்தில் ஹிட்லர் மேடையில் பேசுகிறார், உடம்பு எக்ஸ்ரே, முதுகெலும்பு முழுக்கத் தங்கக் காசு. தங்கத்தை விழுங்கித் தகரத்தைக் கக்குகிறான் என்று தலைப்பு. தொழிலாளர்களுக்கான 'ஆ.இ.ட்ஸெட்' என்ற பட வார இதழில் வந்தது, போஸ்டராகவும் பெர்லின் சுவர்களில் ஒட்டினார்கள். போட்டோ பொய் சொல்லாது என்று மக்கள் நம்பிய காலம் அது, அந்த நம்பிக்கையையே எடுத்து அவர் உண்மையைச் சொன்னார்.

1933 ஏப்ரலில் நாஜிகளின் எஸ்.எஸ். படை ஆட்கள் வீட்டை உடைத்துக்கொண்டு வர, பால்கனியிலிருந்து குதித்துத் தப்பி, மலை வழியாகப் பிராகா போனார். அங்கிருந்தும் வேலை தொடர்ந்தது. 1934-ல் பிராகா கண்காட்சியில் அவர் படங்களை எடுக்கச் சொல்லி ஜெர்மன் தூதரகம் நெருக்கியது, சிலவற்றை எடுத்தார்கள். எடுத்த இடங்கள் காலியாகக் கிடந்ததையே அவர் அடுத்த படமாக்கிவிட்டார்.

பல போராட்டப் போஸ்டர்களில் ஏன் ஓவியர் கையெழுத்தே இல்லை?

பாதுகாப்பு ஒரு காரணம். கொள்கை இன்னொரு காரணம். 1968 மே மாதம் பாரிஸ் கலைக்கல்லூரியை மாணவர்கள் கைப்பற்றி 'மக்கள் பட்டறை' என்று பெயர் வைத்தார்கள். முதல் போஸ்டர் கல்லச்சில் வந்தது, ரொம்ப மெதுவாக. அப்புறம் ஸ்க்ரீன் பிரிண்டிங் தெரிந்த ஒருவர் வந்தார், ராவோடு ராவாக ஆயிரக்கணக்கில் அடிக்க முடிந்தது. நாள்தோறும் கூட்டம் கூடி, எந்தப் படம் போகலாம் என்று ஓட்டுப் போட்டு முடிவெடுத்தார்கள். ஒரே நிறம், தடித்த உருவம், நாலு வார்த்தை. அது அழகியல் தேர்வு என்று பலரும் நினைக்கிறார்கள், ஒரு ஸ்டென்சில், ஒரு மை, காயுமுன் அடுத்த தாள் என்ற அவசரம்தான் அந்த அழகைக் கொடுத்தது. ஜூன் கடைசியில் போலீஸ் உள்ளே புகுந்து காலிசெய்தது. இன்று அந்தப் போஸ்டர்கள் ஏலத்தில் விலைபோகின்றன. விற்பனைக்கோ அலங்காரத்துக்கோ இவை இல்லை என்று செய்தவர்களே எழுதிவைத்திருந்தார்கள் என்பதை வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரையவே தெரியாதவர்கள்?

சிலி நாட்டுப் பெண்கள். 1973 செப்டம்பர் 11-ல் பினோசே ராணுவ ஆட்சி வந்தது, ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள். கணவனையும் பிள்ளைகளையும் தேடி அலைந்த சாந்தியாகோ பெண்கள் தேவாலய ஆதரவில் ஒன்றுகூடி, சாக்குத்துணியில் பழந்துணித் துண்டுகளை ஒட்டித் தைத்துப் படம் செய்தார்கள். பெயர் 'அர்பியேரா'. பளிச்சென்ற நிறம், பின்னால் ஆண்டிஸ் மலை, சூரியன். முன்னால் பார்த்தால் சோற்றுக்காகப் பொதுச் சமையலறை, போலீஸ் வண்டி, அவர் எங்கே என்று எழுதிய பலகை. சிலர் காணாமல் போனவரின் சட்டையையே வெட்டித் தைத்தார்கள்.

பெண்கள் தைப்பது ஆபத்தில்லாத வேலை என்று ஆட்சியாளர்கள் ஆரம்பத்தில் கண்டுகொள்ளவில்லை. தேவாலயம் வழியாக அவை வெளிநாடு போய் விற்றன. அந்தக் காசில் குடும்பங்கள் சாப்பிட்டன, கூடவே சிலியில் நடப்பது வெளியே தெரிந்தது. அச்சு இயந்திரம் இல்லாத இடத்தில் கைகளே பிரதி எடுத்தன.

இதற்காக உயிரையே இழந்தவர்கள் உண்டா?

உண்டு. தென்னாப்பிரிக்க ஓவியர் தாமி ம்னியேலே, எல்லைக்கு அப்பால் போட்ஸ்வானாவில் 'மெடு' கலைக்குழுவில் இருந்தார். அங்கே நிறவெறி ஆட்சிக்கு எதிராக அச்சடித்த போஸ்டர்களை ஒளித்துத் தென்னாப்பிரிக்காவுக்குள் கொண்டுபோவார்கள். 1985 ஜூன் 14 அன்று தென்னாப்பிரிக்க ராணுவம் எல்லை தாண்டி காபரோன் நகரில் நடத்திய தாக்குதலில் 12 பேர் கொல்லப்பட்டார்கள், அவரும் ஒருவர்.

இலங்கையில் கார்ட்டூனிஸ்ட் பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24-ல் காணாமல் ஆக்கப்பட்டார். அவர் மனைவி சந்தியா அன்றிலிருந்து நீதிமன்றத்துக்கும் தெருவுக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்.

ஒரு கார்ட்டூனை ஃபார்வர்டு செய்தால்கூட வழக்கு வருமா?

வந்திருக்கிறது. 2012-ல் கல்கத்தாவில் ஒரு பேராசிரியர், முதலமைச்சரைப் பற்றிய ஒரு கேலிப்படத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காகக் கைதானார். அவர் வரைந்ததுகூட இல்லை. அவர்மேல் போட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தும், அவர் அந்த வழக்கிலிருந்து விடுபட 2023 ஆயிற்று. 2017-ல் தமிழ்நாட்டில், நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்ததை வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலாவைக் கைது செய்தார்கள், மறுநாள் ஜாமீன் கிடைத்தது. வழக்கு நிற்குமா என்பது வேறு விஷயம், வழக்காடும் வருஷங்கள்தான் தண்டனை. எனவே பகிர்பவர்கள் படத்தின் மூலத்தையும் தேதியையும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர் படத்தில் வார்த்தை மாற்றாதீர்கள், தேவைப்பட்டால் வக்கீலைக் கேளுங்கள். பகிராதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டால் இந்தப் படங்களின் வீரியம் போய்விடாதா?

பயம் நியாயம்தான், ஆனால் முழுக்க அப்படி இல்லை. நியூயார்க்கில் ஐ.நா. பாதுகாப்புச் சபை வாசலில் குவெர்னிகாவைப் பார்த்து நெய்த திரைச்சீலை தொங்கும். 2003 பிப்ரவரியில் ஈராக் போரை நியாயப்படுத்த அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அங்கே பேச வந்தபோது அதை நீலத் துணி போட்டு மூடினார்கள். கேமராவுக்குப் பின்னணி சரியில்லை என்று விளக்கம் சொன்னார்கள். 66 வருஷத்துக்குப் பிறகு, அசலாகக்கூட இல்லாத, ஒரு நெசவுப் பிரதியை.

இவற்றை எங்கே பார்க்கலாம்?

தோமியேயின் கல்லச்சுகளை அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கோல்விட்ஸுக்கு பெர்லினிலும் கொலோனிலும் தனி அருங்காட்சியகங்கள் உண்டு. அர்பியேராக்கள் சாந்தியாகோவின் நினைவு மற்றும் மனித உரிமை அருங்காட்சியகத்தில். டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்துக்குப் போனால் சித்தப்பிரசாத், சோம்நாத் ஹோர் இருவரையும் கேட்டுப் பாருங்கள், எல்லா நேரமும் காட்சியில் இருக்காது. பாரதியின் கருத்துப்படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்துப் புத்தகமாகவே வந்திருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் பழைய தமிழ் இதழ்களைப் புரட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போகலாம், என்ன இதழ், எந்த வருஷம் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டு போனால் எடுத்துக் கொடுப்பார்கள்.